லைட் ஹவுஸ் வரைக்கும் ஒரு வாடகைக் கார்

டொக். டொக். டொக்... அப்புறம் சத்தமே இல்ல. சரி, முடிஞ்சு போச்சுன்னு மறுபக்கம் திரும்பிப் படுத்தா, மறுபடியும் டொக். சுவத்துல அடிக்கிறாங்களா, என் மண்டையில அடிக்கிறாங்களான்னே தெரியல சார். யார் இந்த வேலை பாக்கறதுன்னு பாக்கலாம்னுதான் படியேறி மொட்டை மாடிக்கே வந்துட்டேன். நீங்கதானா. எதிர் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிறவர். சரி, பதறாதீங்க. சுத்தியலை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சு என்ன ஆகப்போகுது, நான் என்ன பறிச்சுக்கவா போறேன். கொடி கட்ட ஆணி அடிக்கிறீங்க. அடிங்க. துணி காய வேணாமா. ஆனா ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்குங்க, இந்தக் கட்டடத்துல பகல்ல தூங்கற ஜீவன் ஒண்ணு இருக்கு. அது நான்தான்.

தண்ணி ஏத்துற பம்ப் ஸ்டேஷன்ல நைட் ஆப்பரேட்டர் சார். காலையில குழாயைத் திறந்ததும் கொட்டுதே, அது தானா வந்து கொட்டல. ராத்திரி பூரா ஒருத்தன் மோட்டார் பக்கத்துல குந்தி ஏத்தி விடறான். அவன் பகல்ல தூங்கினா மட்டும் ஊருக்கே இளக்காரம். நடுராத்திரி நான் வந்து உங்க கதவைத் தட்டி, "சும்மாதான் இருந்தேன், பேசிட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொன்னா விடுவீங்களா? போலீஸைக் கூப்பிடுவீங்க. ஆனா பகல்ல என் கதவை எவன் வேணா தட்டலாம். சிலிண்டர்காரன் தட்டறான். கீழ் வீட்டுப் பாட்டு வாத்தியார், ஏணி இருக்கான்னு தட்டறார். ஏணி எதுக்கு அந்த ஆளுக்கு, சுருதி மேல ஏறவா.

நைட் டூட்டிக்காரனை எழுப்பக் கூடாது சார். எங்க ஆளுங்களுக்குள்ள அது ஒரு சட்டம் மாதிரி. ஆனா எழுப்பாம இருக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா? அதையும் சொல்லணும்ல. எழுப்பவே எழுப்பாம ஒருத்தன் என் குடும்பத்தைக் கவுத்துட்டுப் போயிட்டான். கார் டிரைவர். போன வாரம்.

இருங்க, இந்த பக்கெட்டைக் கீழ வெச்சுக்கறேன், கை வலிக்குது.

என் வீட்டுக்காரியைப் பாத்திருப்பீங்களே. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. காலையில வெள்ளைக் கோட்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுப் படி இறங்குவா, அவதான். சத்தமே இல்லாம இறங்குவா, கவனிச்சீங்களா? செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கி, கீழ போய்த்தான் போட்டுக்குவா. நான் தூங்கணுமாம். எங்க வீட்டுக் காலிங் பெல்லுக்குள்ள ஒரு துணியைத் திணிச்சு வெச்சிருக்கா, அமுக்கினா ஈ முனகற மாதிரி இருக்கும். குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சுடுவா. அதனால எங்க வீட்டுப் பருப்பு எப்பவும் கடிபடும், அது வேற கதை. லீவு நாள்ல யாராவது அவளைப் பாக்க வந்தா, படிக்கட்டுல உக்காந்து குசுகுசுன்னு பேசி அனுப்பிடுவா. சொந்த வீட்ல அவ வாய் விட்டுப் பேசி நான் கேட்டதில்ல. பகல்ல நான் தூக்கம், ராத்திரி வீட்லயே இல்ல, அப்ப பேசினா எனக்கெங்க கேக்கும்.

அவதான் திடீர்னு ஒரு நாள் சொன்னா, "ஒரு நாள் லைட் ஹவுஸுக்குப் போலாம், கார் வெச்சுக்கிட்டு"ன்னு. எதுக்குடின்னேன். "மேல ஏறினதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. இங்கயே சொல்லேன், படிக்கட்டு ஏறித்தான் சொல்லணுமான்னு கேட்டேன். "இங்க வேணாம். இங்க மெதுவா பேசிப் பேசி எதைச் சொன்னாலும் ரகசியம் மாதிரி ஆயிடுது. அங்க காத்தடிக்கும், சத்தமாத்தான் பேச முடியும்"ங்கறா.

என்ன பேச்சு பாருங்க. அப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. பொம்பளைங்க ஒரு விஷயத்துக்கு இடம் பாத்து, நேரம் பாத்துச் சொல்றாங்கன்னா, அது சின்ன விஷயம் இல்ல. என்னவா இருக்கும்னு டூட்டியில மோட்டார் பக்கத்துல உக்காந்து யோசிச்சு யோசிச்சு... சரி, ஏறினா தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம் கார் தேடற படலம். அந்தக் கூட்டத்தைப் பத்தி என்னைக் கேளுங்க நீங்க. கார் ஸ்டாண்டுல நிக்கறானுங்களே, ஒவ்வொருத்தனும் தானே அந்த லைட் ஹவுஸைக் கட்டின மாதிரி பேசறான். ஒருத்தன், "போற வழியில மூணு இடம் பாக்கலாம் சார்"ங்கறான். எந்த மூணு இடம்? அவன் மச்சான் கடை, அவன் சித்தப்பா கடை, அவனுக்குச் சோறு போடற ஹோட்டல். இன்னொருத்தன் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கல, உக்காந்தா கரகரங்குது, நாம என்ன பார்சலா. இன்னொருத்தன் வாயைத் திறந்தா மூடல, ஒரு தடவை மலையில பிரேக் இல்லாமலே இறங்கினானாம், அதைப் பெருமையாச் சொல்லி வண்டிக்கு ஆள் பிடிக்கிறான்.

கடைசியா வந்தவன்தான் இவன். நான் வெச்ச பேரு துரை. நிஜப் பேரை யார் கேட்டா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நாலு விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சத் துணி, அதை வெச்சு கதவுப் பிடியைத் துடைச்சுக்கிட்டே இருப்பான். நாம தொட்டுட்டோம்னா அந்த இடத்தை மறுபடி துடைப்பான். எது சொன்னாலும் "சரிங்க சார்". நாளைக்கு மழை வரணும்ப்பான்னு சொன்னாக்கூட "சரிங்க சார்"னு சொல்லி வானத்தைப் பாப்பான். இப்படி ஒருத்தனை வாழ்க்கையில நம்பவே கூடாது சார். எதிர்த்துப் பேசறவன் ஒரு இடத்துலயாவது யோசிச்சிருப்பான். தலையாட்டறவன் யோசிக்கறதே இல்ல.

நான் முன்னாடியே சொல்லிட்டேன் அவன்கிட்ட. "இந்தாப்பா, வாடகை ஏசி காருக்கு. எங்கயாவது நிறுத்தினதும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன்னு ஏசியை அணைக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். காலையில ஏறினதுல இருந்து சாயங்காலம் இறங்கற வரைக்கும் ஏசி ஓடணும். அணைச்சே, அப்படியே இறங்கிப் போயிடுவேன்"னேன். "சரிங்க சார்"னான். அப்பவே மஞ்சத் துணியால ஏசி பட்டனை ஒரு துடை துடைச்சான்.

கரெக்டாத்தானே சொன்னேன்? இந்தப் பசங்களைப் பத்தித் தெரியும் சார் எனக்கு. இறக்கத்துல வண்டியை ஆஃப் பண்ணி ஓட்டறவனுங்க.

வீட்டுக்காரி முந்தின நாளே கேட்டா, "ராத்திரி லீவு போட்டுட்டுத் தூங்குங்களேன், காலையில தெளிவா இருக்கும்"னு. அடப் போடி. லீவு போட்டா யார் மோட்டார் பாக்கறது, எனக்குப் பதிலா அந்த வால்வு வருவான். வால்வுங்கறது என் கூட வேலை பாக்கறவன், வால்வை மூடச் சொன்னா திறப்பான், திறக்கச் சொன்னா மூடுவான், அதனால அந்தப் பேரு. அவன் கையில விட்டா மறுநாள் பாதி ஊரு பக்கெட்டோட ரோட்ல நிக்கும். "டூட்டி முடிச்சு நேரா வந்து கார்ல ஏறிடறேன், போற வழியில கொஞ்சம் கண்ணசந்தாப் போதும்"னேன். "அங்க போனதும் எந்திரிப்பீங்களா?"ன்னு கேட்டா. எனக்குச் சுள்ளுனு கோவம் வந்துடுச்சு.

ஏன்னா இது எங்க தொழில் சார். நாங்க மோட்டார் சத்தத்துலதான் கண்ணசருவோம். அது ஒரே சீரா ஊன்னு ஓடற வரைக்கும் தூங்கலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆனா நின்னுச்சுன்னா, நின்ன அந்த நொடியே நான் எந்திரிச்சு நிப்பேன். அலாரம் வேணாம், ஆள் வேணாம். கண்ணு திறக்கறதுக்கு முன்னாடி கால் தரையில இருக்கும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன், மறுநாள் கார்ல ஏறறப்ப அந்தத் துரை காதுலயும் விழற மாதிரி சொன்னேன். "வண்டி நின்னா நானே முழிச்சுக்குவேன். என்னை யாரும் தொட்டு எழுப்ப வேணாம்"னு.

காலையில வந்தான். ஹாரன் அடிக்கல. ஹாரன் அடிக்காத டிரைவரை நீங்க பாத்திருக்கீங்களா? அதுவே ஒரு கெட்ட சகுனம். கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறான், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி. உள்ள எலுமிச்சை வாசனை. அவ புதுச் செருப்பு, தலையை நல்லா வாரி, மடியில ஒரு தண்ணி பாட்டில். என்னைப் பாத்து, "ஊரைத் தாண்டறப்ப எழுப்பவா, வயலெல்லாம் பாக்கலாம்"னா. வயல்ல என்னடி இருக்கு, பச்சையாத்தானே இருக்கும்னேன். அவ்ளோதான் ஞாபகம். ரோடு நல்ல ரோடு. வண்டி ஊன்னு போகுது. ஏசி ஊன்னு அடிக்குது. எங்க மோட்டார் ரூம் மாதிரியே.

அப்புறம் சத்தம் நின்னுச்சு. நின்ன அந்த நொடி எந்திரிச்சேன் சார், சொன்னது சொன்னபடி. கதவைத் திறந்து காலைக் கீழ வெக்கறேன்... நம்ம கேட்டு. நம்ம குப்பைத் தொட்டி. பாட்டு வாத்தியார் ஸ்கூட்டர். சாயங்காலம் ஆயிடுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. "லைட் ஹவுஸ் எங்கடி?"ன்னு கேக்கறேன். "பின்னாடி போயிடுச்சு"ங்கறா. வெளிக் குழாய்ல காலை நீட்டி செருப்புல இருக்கற மணலைக் கழுவிக்கிட்டே சொல்றா. இந்தத் துரை அந்தப் பக்கம் நின்னு நான் சாஞ்சிருந்த கண்ணாடியைத் துடைக்கிறான்.

ஏண்டா பாவின்னு பிடிச்சேன் அவனை. "சார், நீங்கதானே ஏசி நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. இன்ஜின் ஓடினாத்தானே சார் ஏசி ஓடும்"ங்கறான். எப்படி இருக்கு பாருங்க. டீ குடிக்க நிறுத்தினப்ப ஓட விட்டிருக்கான். ரயில்வே கேட்டுல ஓட விட்டிருக்கான். லைட் ஹவுஸ் வாசல்ல, நிழல் பாத்து நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டுட்டு, என்னைப் பார்க்கிங்காரன்கிட்ட ஒப்படைச்சுட்டு மேல போயிருக்கான். சைக்கிளை ஒப்படைக்கிற மாதிரி. நல்லவேளை டோக்கன் கொடுக்கல. என்னை வெச்சுக்கிட்டே போயிட்டு வந்துட்டாங்க சார். நான் அந்த லைட் ஹவுஸ் நிழல்ல படுத்திருந்திருக்கேன், அதைப் பாக்கல.

எழுப்ப நினைக்கலையாடான்னேன். "அக்காகிட்டக் கேட்டேன் சார், எழுப்பவான்னு. தூங்கட்டும்னாங்க"ன்னான்.

அவ சொல்வா. அவ வேற என்ன சொல்வா, கல்யாணம் ஆனதுல இருந்து அவளுக்கு அது ஒண்ணுதானே வாயில வரும், தூங்கட்டும் தூங்கட்டும்னு. அதைக் கேட்டு நீ சும்மா விட்டுடுவியா? உனக்கும் பொண்டாட்டி இருக்கா இல்லையா? ஒரு பொம்பளை, புருஷனோட பேசணும்னு அவ்ளோ தூரம் வந்து, அங்க வந்து தூங்கட்டும்னு சொல்றான்னா... ஒரு தட்டு தட்டியிருக்க வேணாமா கண்ணாடியில? தெரியாம கை பட்ட மாதிரி? ஹாரன் எதுக்குடா வெச்சிருக்கே?

அன்னிக்கு ராத்திரியே டூட்டிக்குப் போயிட்டேன். போறப்ப கேட்டேன், "என்னமோ சொல்லணும்னியே"ன்னு. "நேரமாச்சு, கிளம்புங்க"ன்னா. மறுநாள் கேட்டேன். "தூங்கி எந்திரிங்க, பேசலாம்"னா. எந்திரிச்சா அவ கடையில இருக்கா. எங்களுக்குள்ள இருக்கறது சாவி மாத்திக்கிற நேரம்தான் சார், அவ உள்ள வர, நான் வெளிய போக. அந்த நேரத்துல என்னத்தைச் சொல்ல முடியும், கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லலாம்.

நடுவுல ஒரு நாள் அவ போன் மேசை மேல இருந்துச்சு. போட்டோவைப் பாத்தேன். லைட் ஹவுஸ் என்ன பெரிய லைட் ஹவுஸ், ஏதோ பாக்டரி புகைக்குழாய்க்கு வெள்ளையடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. அதுக்கு மேல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இவ. தலைமுடி பூரா ஒரு பக்கமாப் பறக்குது. வாயைத் திறந்து சிரிக்கிறா. உள்நாக்கு தெரியற மாதிரி. எனக்கு ஒரு நிமிஷம் யாரோன்னு ஆயிடுச்சு. ஓரத்துல ஒரு கடைவாய்ப் பல்லு இல்ல சார் அவளுக்கு. எப்பப் பிடுங்கினா, யார் கூட்டிட்டுப் போனா, ஒண்ணும் தெரியாது எனக்கு.

யாரு எடுத்தது அந்தப் போட்டோ? அந்த மஞ்சத் துணிக்காரன்தானே.

இதை வால்வுகிட்ட சொன்னேன், வயிறு வலிக்கச் சிரிச்சான். அந்த ஆத்திரத்துலதான் நேத்து காலையில டூட்டி முடிச்சு வந்ததும் துரைக்குப் போன் போட்டேன். நாலு வார்த்தை நல்லாக் கேட்டுடணும்னு. கேளுங்க இதை. எடுத்த உடனே அவன் பேசறான்: "சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாளைக்கு சாமான் எவ்வளவு இருக்கும்? டிக்கியில அடங்குமா, மேல கேரியர் போடணுமா?"

என்ன சாமான்? யார் சாமான்?

"அக்கா சாமான்தான் சார். லைட் ஹவுஸ் இருக்கற ஊர்க் கடைக்கு மாத்தலாகிப் போறாங்கல்ல. லைட் ஹவுஸ் மேல இருந்து அந்தத் தெருவைக் கூடக் காட்டினாங்க, பச்சைத் தகரம் போட்ட கடை. இறங்கினதும் போய் ஒரு ரூம் பாத்துக் கொடுத்தேன், ஜன்னல் காத்து நல்லா வருது"ங்கறான். அதுவும் சந்தோஷமா சொல்றான் சார். நான் எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரி, "ம், ம்"ங்கறேன். வேற என்ன பண்ண. என் பொண்டாட்டி ஊர் விட்டுப் போறா, அது ஸ்டியரிங் பிடிக்கிற ஒருத்தனுக்கு எனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்னு கூடத் தெரிஞ்சிருக்கு.

நீங்க அடிக்கிற ஆணி ஒண்ணும் என்னை எழுப்பல சார். நேத்துல இருந்து நான் கண்ணே மூடல. சும்மா சுவத்தைப் பாத்துக் கெடந்தேன்.

நேத்து சாயங்காலம் அவ வந்ததும் சாவியைக் கொடுக்கல. கையிலயே வெச்சுக்கிட்டு நின்னேன். "என்னடி இது"ன்னேன். மெதுவா இல்ல, சத்தமாத்தான் கேட்டேன், பாட்டு வாத்தியார் பாட்டையே நிறுத்திட்டார். அவ பதறல. பையைக் கீழ வெச்சா. அந்த ஊர்ல புதுசா கடை திறக்கறாங்களாம், அதைப் பாத்துக்கற பொறுப்பு இவளுக்காம். ஒத்துக்கலாமா வேணாமான்னு என்கிட்டக் கேக்கத்தான் இருந்தாளாம். ஊரைக் காட்டி, தெருவைக் காட்டி, "நீங்களும் வாங்களேன், அங்கயும் தண்ணி ஏத்தத்தானே செய்வாங்க"ன்னு சொல்ல இருந்தாளாம்.

அப்ப ஏண்டி சொல்லலன்னேன்.

"ஏறினதும் சொல்றேன்னு சொன்னேன். நீங்க ஏறல"ன்னா.

கோவமாச் சொல்லல சார். கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், சரியாப் போயிருக்கும். குக்கரை அடுப்புல வெச்சுக்கிட்டே சொன்னா. "மேல நின்னு பாத்தேன். கீழ கார் தெரிஞ்சுது. நீங்களா முழிச்சு வருவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் நானே முடிவு பண்ணிட்டேன்"னா. நேத்து விசில் அடிச்சுது சார் எங்க வீட்டு குக்கர். அவ அணைக்கல. நான் பாட்டுக்கு நிக்கறேன், அது பாட்டுக்கு அடிக்குது.

போகாதேன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு பாக்கறீங்க. எப்படிச் சொல்றது? எந்த வாயால சொல்றது? நானும் வரேன்னு சொல்லலாம், சொல்லலாம்... அந்த ஊர்ல பம்ப் ஸ்டேஷன் எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. துரைக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சிருக்கும். அவன்கிட்டயா போய்க் கேக்கறது?

ஒண்ணு மட்டும் சொன்னா, நான் டூட்டிக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் வந்தப்ப. "பகல்ல பஸ் இருக்கு. முழிச்சுக்கிட்டு வாங்க"ன்னா. பேச்சைப் பாத்தீங்களா. பஸ்ஸுக்கும் இன்ஜின் இருக்குல்ல, அதுவும் ஊன்னுதானே போகும். நான் எப்படி முழிச்சிருப்பேன்? நின்னுக்கிட்டேதான் போகணும். கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே, அவ்ளோ தூரம். போகலாம். ஏன், போக முடியாதா என்ன.

இன்னிக்கு மத்தியானம் அந்தத் துரை காரைக் கொண்டு வரான். பெட்டியை நான்தான் இறக்கிக் கொடுக்கணும், அவ தூக்க மாட்டா, தோள்பட்டை வலி. அது எனக்குத் தெரியும். பல்லு விஷயம்தான் தெரியாம போச்சு.

காலையில வந்தப்ப பாத்ரூம்ல இந்த ரெண்டு கோட்டும் சோப்புத் தண்ணியில ஊறிக் கெடந்துச்சு. கடைக்குப் போய்க் கணக்கை ஒப்படைச்சுட்டு வரேன்னு போயிருக்கா. வந்து துவைச்சு எப்பக் காய வெப்பா? ஈரத்தோடயா பெட்டியில வெப்பா? அதான் அலசி, பக்கெட்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். இந்தக் கோட்டுக் கையைப் பாருங்க, பொத்தான் கழண்டு நூல் தொங்குது. இருக்கட்டும், அதை அவ தெச்சுக்குவா.

அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க சார். நீங்க அந்தப் பக்கம் முறுக்குங்க, நான் இந்தப் பக்கம். ம், போதும், ரொம்ப முறுக்கினா காலர் சுருங்கிடும். உதறுங்க.

கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்களேன். வெயில் அந்தப் பக்கம்தான் விழுது.